இரவல் வாங்கிய எண்

விற்பனைப் பட்டியலில் நாற்பத்தேழாவது வரியில் லூசெட்டின் மாவு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அக்காள் ரினெட்டின் வீட்டில் சாப்பாடு முடிந்திருந்தது. கோழிக்குழம்புச் சட்டியை அடுப்பு ஓரமாக நகர்த்திவிட்டு, அக்காள் கணவர் கில்மான் தன் தொழிற்சாலையின் விற்பனைத் தாள்களை மேசையில் விரித்தார். அவருக்கும் அவருக்கு முன்பு அவருடைய அப்பாவுக்கும் சோறு போட்ட தொழிற்சாலை அது. உலர்ந்த பீன்ஸ், உருளைக்கிழங்கு மாவு, உலர்ந்த பட்டாணி என்று எதையாவது பையில் அடைத்து ஏற்றிக்கொண்டே இருக்கும். அதைத் தெற்கிலிருந்து ஒரு கம்பெனி வாங்க வருகிறது. வியாழக்கிழமை கையெழுத்து. எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். தெரியாதது அந்த நாற்பத்தேழு.

"இது என்ன மச்சான்?" என்றாள் லூசெட்.

"எது?"

"நாப்பத்தேழு. 'லூசெட் ப்ளாய் மாவு, ரெண்டு பவுண்டு'ன்னு போட்டிருக்கு."

"ஓ, அதுவா!" கில்மான் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். "அது என் நம்பர்ல ஓடுது இல்ல? என் நம்பர்ல ஓடுற எல்லாம் பட்டியல்ல வந்துடும். கம்ப்யூட்டரே எழுதிக்கிச்சு."

"கம்ப்யூட்டர் எழுதும். நீங்க படிக்கலயா?"

"படிச்சேன் மச்சினி. படிச்சதும் சந்தோஷப்பட்டேன். உனக்கும் ஒரு பங்கு வருமேன்னு."

"சாப்பிடுற நேரத்துல வேண்டாம்னு நான் சொன்னேன். கேட்டாரா இந்த மனுஷன்?" என்றாள் ரினெட்.

"சாப்பிட்டுத்தான் முடிச்சாச்சே!"

"அவளுக்கு இன்னும் இறங்கல, பாருங்க."

உண்மைதான். லூசெட் அந்த வரியையே மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தாள்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயது ஐம்பத்தேழு. கணவன் ரோஜே மரம் வெட்டப் போன இடத்தில் இறந்து பதினாலு வருடம். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் சமையல் வேலை. ஆற்றுக்கு இந்தக் கரை அமெரிக்காவின் மேயின், அந்தக் கரை கனடா. இரண்டு கரையிலும் ஒரே ஜனம், ஒரே பேச்சு, ஒரே ப்ளாய் என்கிற தோசை. பக்வீட் என்ற தானிய மாவில் முதலில் குளிர்ந்த தண்ணீர், பிறகு கொதிநீர் விட்டுக் கரைத்து, காய்ந்த கல்லில் ஊற்றினால் கண் கண்ணாகத் திறக்க வேண்டும். திருப்பிப் போடவே கூடாது. திருப்பிப் போடுகிறவனை வெளியூர்க்காரன் என்று சிரிப்பார்கள். எல்லார் வீட்டிலும் சுடுவதுதான், ஆனால் லூசெட்டின் மாவில் ஊற்றினால் ஒரு கண்கூட மூடிக்கொள்ளாது. மாதா கோயில் கூடத்தில் நடந்த ஒரு பீன்ஸ் விருந்தில் ஆரம்பித்து, ஆளுக்கு ஆள் கேட்க, வீட்டிலேயே கலந்து காகிதப் பையில் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மளிகைக்கடை ஆர்மான் புது மெஷின் வாங்கினான். கோடுகளைக் காட்டினால் கீச்சென்று கத்தி விலை போடும் மெஷின்.

"லூசெட், இனிமே கோடு இல்லாத சரக்கை இது மதிக்காது. நான் ஒவ்வொண்ணா விரலால தட்டிக்கிட்டிருந்தா வரிசை ஆத்துப்பாலம் வரைக்கும் போயிடும். போய் ஒரு பார்கோடு வாங்கிட்டு வா."

"எங்க விக்குது?"

"அதை விக்கிறதில்ல. எண் கொடுக்கிற சங்கம் ஒண்ணு இருக்கு. எழுதிக் கேட்கணும். உன் பேர்ல கொடுப்பாங்க. வருஷா வருஷம் பணம் கட்டணும்."

அதை ரினெட் வீட்டில் சொன்னதற்கு கில்மான் விழுந்து விழுந்து சிரித்தார். "எண்ணுக்கு ஊரான்கிட்டப் பணம் கட்டுவியா? என்கிட்ட நூறு எண் இருக்கு. நாப்பத்தாறுதான் எடுத்திருக்கேன், மிச்சம் சும்மா கிடக்கு. ஒண்ணு எடுத்துக்கோ, போ."

எடுத்துக்கொண்டாள். இந்தப் பள்ளத்தாக்கில் வேறு யாராக இருந்தாலும் எடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். பனி தள்ளும் வண்டி, பொலிகாளை, கிழங்கு தோண்டும் இயந்திரம், ஞானஸ்நானச் சட்டை என்று எது இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் இரவல் வாங்குவார்கள். எண்ணும் அப்படித்தான் என்று அவள் நினைத்ததில் என்ன தப்பு? பதிலுக்கு இறைச்சி அடைத்த ரொட்டி ஒன்று சுட்டுக் கொடுத்தாள். யாரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை.

அது ஒன்பது வருடத்துக்கு முந்தைய கதை. அந்த எண்ணோடு அவள் மாவு கில்மானின் லாரியிலேயே ஏறிப் போனது. முதலில் மூன்று கடை, பிறகு ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டின் முப்பத்தொரு கிளை. சிவப்பில் அவள் பெயர், கீழே கறுப்புக் கோடுகள், கோடுகளுக்குக் கீழே பன்னிரண்டு எண்கள். அந்த எண்களை அவள் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை, பிள்ளைகள் சாப்பிட்டுப் போனதும், சாப்பாட்டுக்கூடத்துத் தொலைபேசியிலிருந்து அந்த சூப்பர்மார்க்கெட்டில் சரக்கு எடுக்கும் பெண்ணைக் கூப்பிட்டாள். இளங்குரல். மரியாதையான பெண்.

"உங்க கம்பெனி பேர் என்னங்க?"

"லூசெட் ப்ளாய்."

"அப்படி ஒரு கம்பெனி எங்ககிட்ட இல்லையேம்மா."

"உங்க முப்பத்தொரு கடையிலயும் இருக்கேன்மா நான்!"

"பையில இருக்கிற எண்ணைச் சொல்றீங்களா?"

லூசெட் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பட்டன்கள் தட்டும் சத்தம் கேட்டது.

"ஆங், வந்துடுச்சு. நல்லா போற பொருளாச்சே! ஆனா இது கில்மான் கம்பெனிப் பொருள்னு இருக்குங்க."

"மாவு என்னுது. எண்தான் அவரோடது."

அந்தப் பெண் இதே கதையை வேறு யாரோ சொல்லியும் கேட்டிருப்பாள் போல. நிதானமாகச் சொன்னாள். "முன்னாடி இருக்கிற எண்கள் யாரோடதுன்னு சொல்லும். அடுத்து வர்றது அவங்களோட எந்தப் பொருள்னு சொல்லும். கடைசி ஒரே ஒரு எண், மத்ததை மெஷின் சரியா படிச்சதான்னு சோதிக்கறதுக்கு. கோட்டுக்குள்ள உங்க பேரும் இல்ல, விலையும் இல்லங்க. அதெல்லாம் எங்க கம்ப்யூட்டர்ல இருக்கு. இந்த எண் வந்தா இந்தப் பேரைக் காட்டும். அவ்வளவுதான்."

"அப்போ உள்ள என்ன மாவுன்னு அதுக்குத் தெரியாதா?"

"மண்ணை அடைச்சு இந்தக் கோட்டை ஒட்டினாலும் 'லூசெட் ப்ளாய்'னுதான் பில் வரும்."

லூசெட் சுவரோடு சாய்ந்துகொண்டாள். இந்த ஊரில் பாதிப் பேர் ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள். அதனால் ஆளை அப்பன் பேர், பாட்டன் பேர் சொல்லித்தான் அடையாளம் காட்டுவார்கள். அவள் ஒனெசிம் மகன் லூட்ஜேயின் மகள் லூசெட். அவள் மாவுக்கும் அப்படித்தான் முன்னெழுத்து போட்டிருக்கிறது, ஆனால் கில்மானின் பிள்ளை என்று. ஒன்பது வருடமாக, கீச்சு கீச்சென்று, கடை கடையாக, அது கில்மானின் பிள்ளை என்று சத்தியம் செய்துகொண்டிருந்திருக்கிறது.

"நான் என் பேர்ல எண் வாங்கினா?"

"வாங்கிக்கலாம். ஆனா புது எண்ணுன்னா எங்களுக்குப் புதுப் பொருள். புதுப் பொருளை பிப்ரவரிலதான் பார்ப்போம். எடுத்தாலும் ஏப்ரல்லதான் அலமாரிக்கு வரும்."

"இது அக்டோபர்தானே!"

"ஆமாங்க."

"எண்ணை வாங்கினவங்க வேற மாவை அடைச்சு இதே கோட்டைப் போட்டா?"

"போடக்கூடாதுன்னு விதி இருக்கு. போட்டா எங்களுக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க? எண்ணுக்குச் சொந்தக்காரர் 'இந்தப் பொருள் நின்னுபோச்சு'ன்னு எழுதிக் கொடுத்தா மட்டும் நாங்க எடுத்துடுவோம்."

வீட்டுக்குப் போய்க் கிடங்கைத் திறந்தாள். கோடையில்தான் அச்சடித்து வந்த பைகள் அடுக்கடுக்காக ஒன்பதாயிரம். ஒவ்வொன்றிலும் கில்மானின் எண்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுக்கூடத்தின் பின்கதவைத் தட்டிக்கொண்டு ரினெட் வந்தாள். கையுறையைக் கழற்றாமலே ஒரு பால்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏண்டி, நேத்து பூரா போனை எடுக்கல நீ."

"சூப்பர்மார்க்கெட்டோட பேசிக்கிட்டிருந்தேன்."

"கேள்விப்பட்டேன். இந்த ஊர்ல எது மறையுது?" ரினெட் பெருமூச்சு விட்டாள். "லூசெட், அவங்களுக்கு வேணுங்கறதே உன் மாவுதான். பீன்ஸ் யார்கிட்டதான் இல்ல? நாப்பத்தேழுன்னு சொல்லித்தான் விலை பேசியிருக்கு. அதை உருவினா விலையும் இறங்கும். அவர் ரெண்டு முட்டியும் போச்சுடி. இந்தப் பனிக்காலத்துலயும் அவர் ஏணில ஏறுறதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல."

"அதுக்கு நான் என் பேரைக் கழற்றிக் கொடுக்கணுமா அக்கா?"

"யாருடி கழற்றச் சொன்னா? மாவு கலக்கற வேலை உனக்கே தர்றாங்களாம். சம்பளத்தோட."

"என் மாவைக் கலக்க எனக்கே சம்பளமா! மாதாவே!"

ரினெட் சிரித்துவிட்டாள், பிறகு சிரித்ததற்காகவே கோபப்பட்டாள். "நீ எப்பவுமே இப்படித்தான். அம்மா உன்னைக் கழுதைன்னு கூப்பிட்டது சும்மாவா?" என்று எழுந்து போனாள். வாசலில் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. அவள் கேட்டதும் தப்பில்லை. அதுதான் லூசெட்டைக் கட்டிப் போட்டது. எதிரி என்று ஒருவர் இருந்தால் கத்தித் தீர்க்கலாம். முட்டி போன மச்சானிடமும் கலங்கிய அக்காளிடமும் எப்படிக் கத்துவது? ஒத்துக்கொண்டால் அவள் மாவுக்கு அவளே கூலியாள். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் எண் போய்விடும், எண்ணோடு அலமாரியில் அவள் இடமும், அந்த இடத்தில் ஒட்டியிருக்கும் அவள் பேரும் போய்விடும்.

அன்று வேலை முடிந்ததும் நேரே தொழிற்சாலைக்குப் போனாள். கில்மான் பீன்ஸ் மூட்டைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், உங்க அப்பா எங்க அப்பாவுக்குக் கிழங்கு தோண்டுற மெஷினைப் பதினோரு வருஷம் இரவல் கொடுத்தார். ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பல்லு இல்ல அதுல."

"அந்த மெஷினை உங்க அப்பா வித்தார். அதுல தோண்டின எங்க கிழங்கையும் சேர்த்தா வித்தார்?"

கில்மான் தேய்ப்பதை நிறுத்தினார். நியாயம் தெரிந்த மனிதர்தான். "சரி மச்சினி. கிழங்கை எடுத்துக்கோ. மாவு உன்னுது, பக்குவம் உன்னுது. நாப்பத்தேழுல உன் பேரை அடிச்சுட்டு வெறும் எண்ணை மட்டும் விக்கிறேன். போதுமா?"

"போதாது. அந்த எண்ணு நின்னுபோச்சுன்னு எழுதிக் கொடுங்க."

"வெறும் எண்ணும்மா அது! உனக்கு அதுல என்ன?"

அந்தப் பெண் தொலைபேசியில் சொன்னபோது புரிந்தது, இப்போது கில்மானின் முகத்தைப் பார்த்தால் நழுவியது. வீட்டுக்குப் போய், ஒரு கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு கிடங்கில் உட்கார்ந்தாள்.

புதன்கிழமை நாலு மணிக்கு கில்மான் ஆர்மான் கடைக்கு வருவார். ஒரு காபி, ஒரு லாட்டரிச் சீட்டு. இருபது வருடப் பழக்கம், ஒருநாள் தப்பாது. லூசெட் முன்னாடியே போய் அலமாரியிலிருந்து கில்மானின் பீன்ஸ் பை ஒன்றை எடுத்து, தன் பையிலிருந்து வெட்டி வைத்திருந்த கோட்டை அதன் கோட்டின்மேல் பசை தடவி ஒட்டினாள். கில்மான் காபியோடு வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் தபால்காரி ஓடெட்.

"ஆர்மான், இதுக்குப் பில் போடு," என்றாள் லூசெட்.

ஆர்மான் பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மெஷினிடம் காட்டினான். கீச்.

"லூசெட் ப்ளாய் மாவு, ரெண்டு பவுண்டு," என்று திரையை உரக்கப் படித்தான்.

ஓடெட் எட்டிப் பார்த்தாள். "அடடா! கில்மான், உங்க பீன்ஸ் ப்ளாயா மாறிடுச்சே! பாதிரியாருக்குச் சொல்லி அனுப்புங்க, அற்புதம் நடந்திருக்கு!"

"என்ன விளையாட்டு இது?" என்றார் கில்மான்.

லூசெட் கீழே குனிந்து இன்னொரு பையைத் தூக்கி வைத்தாள். பூனை வீட்டுக்குள் ஒதுங்குவதற்குப் போடுகிற மண். அதிலும் அதே கோடு. கீச்.

"லூசெட் ப்ளாய் மாவு, ரெண்டு பவுண்டு."

ஓடெட் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த முட்டைப் பெட்டி ஆடியது. "ஒண்ணு வாங்கிக்கிட்டுப் போய் என் வீட்டுக்காரருக்குச் சுட்டுப் போடறேன். அந்த மனுஷனுக்கு வித்தியாசம் தெரியாது."

"கண்ணு திறக்குமா ஓடெட்?" என்றான் ஆர்மான்.

"திறக்கும், அவர் கண்ணு!"

கில்மான் மட்டும் சிரிக்கவில்லை. "பில்லைக் கொடு," என்று கை நீட்டினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, இரண்டு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். இரண்டு வரியிலும் அவர் மச்சினியின் பெயர். ஒன்றில் பீன்ஸ், ஒன்றில் மண்.

"வெறும் எண்ணுன்னு சொன்னீங்க மச்சான்," என்றாள் லூசெட். குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. "வியாழக்கிழமைக்கு அப்புறம் இந்தக் கோடு எந்தப் பைமேல ஒட்டியிருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"என் பீன்ஸும் அப்படித்தானே போகுது? என் பேரும்தானே போகுது?"

"அது நீங்க தெரிஞ்சு வித்தது."

"ஆமா."

"இது?"

கில்மான் காபியைக் கவுண்டரில் வைத்தார். "இதை நான் விக்கல. கம்ப்யூட்டர் எழுதிக்கிச்சு," என்றார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் முகம் சிவந்தது. பில்லை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, லாட்டரிச் சீட்டு வாங்காமலே போய்விட்டார். மண் பைக்கு லூசெட் பணம் கொடுத்தாள். அவள் வீட்டில் பூனை கிடையாது.

வியாழக்கிழமை காலை, அந்த எண் நின்றுபோனது என்று எழுதி சூப்பர்மார்க்கெட்டுக்கு ஒன்று, வாங்குகிற கம்பெனிக்கு ஒன்று அனுப்பினார் கில்மான். பட்டியல் நாற்பத்தாறானது. கையெழுத்து ஒரு வாரம் தள்ளிப்போனது, விலையும் இறங்கியது. வேலையை விட்டதும் கில்மானும் ரினெட்டும் வருடம் முழுக்க வெயிலடிக்கும் ஃப்ளோரிடாவில் இருப்பது என்று இருந்தது பனிக்காலம் மட்டும் என்று சுருங்கியது, அதுவும் அடுத்த பனிக்காலத்திலிருந்துதான். ரினெட் மூன்று ஞாயிறு தங்கையைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. லூசெட்டும் போகவில்லை. இரண்டு பேரும் ஒரே அம்மாவின் பிள்ளைகள், கழுதை என்று ஒருத்தியை மட்டும் சொன்னது அம்மாவின் ஓரவஞ்சனை.

எண் கொடுக்கும் சங்கத்துக்கு எழுதி, பணம் கட்டி, தன் பெயரில் எண் வாங்கினாள் லூசெட். சான்றிதழ் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டவெல்லாம் இல்லை, ரொட்டி டப்பாவுக்குள் வைத்தாள். ஒன்பதாயிரம் பைக்கும் மேல்சீட்டு ஒட்ட வேண்டும். பழைய கோடு ஒரு நூல்கூட வெளியே தெரியக்கூடாது, தெரிந்தால் மெஷின் அதைப் படித்துவிடுமோ என்று பயம். வெள்ளைச் சீட்டின் இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் வெற்றிடம் விட வேண்டும், இல்லாவிட்டால் எதையுமே படிக்காது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது. நவம்பரில் சூப்பர்மார்க்கெட் அலமாரிகளிலிருந்து அவள் மாவு காலியானது. அவள் இடத்தில் யாரோ செய்த வாஃபிள் மாவை வைத்தார்கள். ஆர்மான் கடையிலும் மாதா கோயில் கூடத்திலும் விற்றதுதான் விற்பனை. பக்வீட் மூட்டைகள் கிடங்கில் அப்படியே நின்றன. விடியற்காலையில் எழுந்து மாவு கலக்கப் போய், யாருக்குக் கலக்குவது என்று தெரியாமல் கதவைச் சாத்திவிட்டு வந்த நாட்களும் உண்டு.

ஜனவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை ரினெட் வந்தாள். சமாதானம் பேச வரவில்லை, பனி தள்ளும் வண்டியைத் திருப்பிக் கேட்க வந்தாள். மேசை நிறையப் பைகளைப் பார்த்ததும் குளிர்ச்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து ஒட்ட ஆரம்பித்தாள். அரைமணி நேரத்தில் ஒரு அடுக்கு முடிந்தது.

"கோணலா ஒட்டுற அக்கா."

"கோணலா இருந்தாலும் படிக்கும். ஆர்மான் சொன்னான்."

"எப்போ கேட்ட?"

"உனக்கென்ன?" என்றாள் ரினெட்.

சூப்பர்மார்க்கெட் விண்ணப்பம் கம்ப்யூட்டரில்தான் நிரப்ப வேண்டும். அதில் லூசெட்டுக்குக் கை வராது. ரினெட் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து, ஒவ்வொரு கேள்வியாகப் படித்துக்கொண்டே போனாள். கம்பெனி பெயர். லூசெட் ப்ளாய். எண். லூசெட் டப்பாவிலிருந்து சான்றிதழை எடுத்துப் படித்தாள். எடை. விலை. பிறகு ரினெட்டின் விரல் நின்றது.

"இந்தப் பொருள் எத்தனை வருஷமா கடைல விக்குதுன்னு கேக்குது."

"ஒன்பது போடு."

ரினெட் போட்டாள். "சிவப்பா ஏதோ வருது. ஒத்துக்கமாட்டேங்குது."

"ஏன்?"

"இந்த எண்ணுக்கு வயசு மூணு மாசம்தானாம்."

"மறுபடி போடு. ஒன்பது."

போட்டாள். சிவப்பு. லூசெட் எழுந்து வந்து அக்காளின் தோளுக்குப் பின்னால் நின்றாள். "இன்னொரு தடவை." இன்னொரு தடவையும் சிவப்பு. வெளியே யாரோ வண்டியில் பனியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் வந்து, போய், தெருமுனையில் தேய்ந்தது.

"பூஜ்யம் போட்டாத்தான் அடுத்த பக்கம் போகும்டி," என்றாள் ரினெட், திரும்பிப் பார்க்காமல். "போடவா?"

லூசெட் சான்றிதழை மடித்து ரொட்டி டப்பாவில் போட்டு மூடினாள்.

"போடு," என்றாள். பிறகு தன் நாற்காலிக்குத் திரும்பி, அடுத்த பையை எடுத்து, பழைய கோட்டைக் கட்டைவிரலால் நீவிவிட்டு, மேலே சீட்டை ஒட்டினாள்.